முதல் ஆறு ஆட்டங்களை வைத்து நம் அணியின் சிறந்த வீரரை இனங்காணுவது எப்படி? டர்பன் கால்பந்து ரசிகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆகஸ்ட் பிறந்து தென்னாப்பிரிக்க பிரீமியர்ஷிப்பில் இரண்டு ஆட்டங்கள் முடிவதற்குள்ளாகவே, டர்பனில் இந்தியர்கள் நிறைந்து வாழும் சாட்ஸ்வொர்த்தில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். "இந்த வருஷம் நம்ம டீமுக்கு இவன்தான்" என்று ஒருவர் அடித்துச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் அதே வீரரை "காசுக்குப் பிடித்த கேடு" என்பார். இருவரும் பார்த்திருப்பது ஒரே ஆட்டத்தைத்தான்.

இப்படித் தீர்ப்புச் சொல்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், நான்கு ஆட்டங்களில் மூன்று கோல் அடித்த ஒரு விங்கரை (கோட்டோரமாக ஆடும் தாக்குதல் வீரரை) பற்றி என் குறிப்பேட்டில் "பருவத்தின் சிறந்த வீரர், சந்தேகமே இல்லை" என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். டிசம்பரில் அவர் மாற்று வீரர்களின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்தில் நான் எழுதிய மற்ற வரிகளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அந்தத் தவறுக்குப் பிறகு, சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு காரேஜில் கூடும் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து பழகிக்கொண்ட முறையே இந்த வழிகாட்டி. எங்களில் சிலர் இங்கேயே பிறந்து, கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்பில் தமிழ் எழுத்துக் கற்றவர்கள். மற்றவர்கள் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். டர்பன் அணிகளான அமாசூலுவின் ரசிகரும் உண்டு, கோல்டன் ஆரோஸின் ரசிகரும் உண்டு, டர்பனில் பிறந்தும் ஜோஹன்னஸ்பர்க் அணியான கைசர் சீஃப்ஸை விட மறுப்பவரும் உண்டு. எந்த அணியை ஆதரிப்பவருக்கும் முறை ஒன்றுதான்.

முதல் படி: பந்து உதைபடுவதற்கு முன்பே எழுதி வையுங்கள்

பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரம், ஒரு வீரருக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, மூன்று செய்திகளை மட்டும் எழுதுங்கள். சென்ற பருவத்தில் அவர் எந்த இடத்தில், ஏறக்குறைய எத்தனை ஆட்டங்கள் ஆடினார் என்பது முதல் செய்தி. இந்தப் பருவத்தில் பயிற்சியாளர் அவரிடம் என்ன வேலை வாங்கக்கூடும் என்று நீங்கள் நினைப்பது இரண்டாவது. எதைக் கண்டால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வரியை எழுதத்தான் எல்லோரும் தயங்குவார்கள். ஆனால் அது இல்லாத பக்கத்தால் பயனில்லை. ஏனெனில் மூன்று ஆட்டங்கள் முடிந்த பிறகு, "நான் அப்பவே சொன்னேன்" என்று நம் நினைவு நமக்குச் சாதகமாகத் திருத்தி எழுதிக்கொள்ளும். மையில் எழுதிய வரியை அப்படித் திருத்த முடியாது.

யார் விலகினார், யார் வந்தார் என்பதையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். வீரர் பரிமாற்றக் காலம் இங்கே பருவம் தொடங்கிய பின்னும் சில வாரங்கள் திறந்திருக்கும் என்பதால், முதல் ஆட்டத்தில் நீங்கள் காணும் அணியும் ஐந்தாவது ஆட்டத்தில் காணும் அணியும் வேறாக இருக்கலாம். ஒரு நடுக்கள வீரர் விலகிப் போனால், அவருக்குப் பின்னால் நிற்கும் இடது பின்கள வீரர் திடீரென்று மோசமாகத் தெரிவார். அவருடைய ஆட்டம் குறைந்திருக்காது; அவரை மூடி நின்ற சுவர்தான் போயிருக்கும்.

இரண்டாம் படி: எவ்வளவு பார்த்தால் போதும் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள்

நம் லீகில் 16 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 30 ஆட்டங்கள். ஆறு ஆட்டங்கள் என்பது பருவத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சென்ற பருவத்தில் முதல் எட்டு இடங்களுக்குள் வந்த அணிகளுக்கு, பருவத்தின் வாசலிலேயே எம்டிஎன்8 கோப்பை ஆட்டங்களும் சேர்ந்துகொள்ளும். கோப்பை ஆட்டத்தைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். தோற்றால் வெளியேற்றம் என்ற நெருக்கடியில் ஆடும் ஆட்டமும் புள்ளிக்காக ஆடும் ஆட்டமும் ஒன்றல்ல.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. 30 ஆட்டங்களில் 12 கோல் அடிக்கும் முன்கள வீரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நம் லீகில் அது மிக நல்ல எண்ணிக்கை. அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 0.4 கோல், ஐந்து ஆட்டங்களுக்கு 2 கோல். அவர் திறமையில் எந்தக் குறையும் இல்லாமல், வெறும் தற்செயலாகவே, ஐந்து ஆட்டங்கள் தொடர்ந்து ஒரு கோலும் அடிக்காமல் போவதற்கான வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஏழில் ஒன்று. லீகில் அப்படிப்பட்ட வீரர்கள் ஏழு பேர் இருந்தால், அவர்களில் ஒருவர் செப்டம்பரில் ரசிகர்களின் வசவைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று பொருள். 1999 ஆகஸ்டில் ஆர்சனலுக்கு வந்த தியெரி ஆன்ரி அந்த மாதம் முழுவதும் கோல் அடிக்கவில்லை. செப்டம்பர் மத்தியில் சவுத்ஹாம்ப்டனுக்கு எதிராகத்தான் முதல் கோல் வந்தது. அந்தப் பருவத்தை அவர் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 26 கோல்களுடன் முடித்தார்.

அதற்காக, தொடக்கத்தில் தெரிவதெல்லாம் பொய் என்றும் சொல்ல முடியாது. 2012 ஆகஸ்டில் ஸ்வான்சீ அணிக்காக இறங்கிய மிச்சு, தம் முதல் லீக் ஆட்டத்திலேயே இரண்டு கோல் அடித்தார். பருவ முடிவில் லீகில் மட்டும் 18 கோல்கள். அவருடைய தொடக்கத்தைப் பார்த்து வியந்தவர்கள் அந்த ஆண்டு ஏமாறவில்லை. ஆகவே நம் முன் உள்ள வேலை, தொடக்க ஆட்டங்களில் எந்தச் செய்தி விரைவில் உறுதிப்படும், எது தாமதமாக உறுதிப்படும் என்று பிரித்தறிவதுதான். கோல் எண்ணிக்கை, ஃப்ரீகிக் கோல், கோல்கீப்பர் தடுத்த பெனால்டி ஆகியவை உறுதிப்பட நீண்ட காலம் ஆகும். ஒருவர் எங்கே நிற்கிறார், எத்தனை முறை பந்து கேட்கிறார், எத்தனை கோல் முயற்சிகள் செய்கிறார், பந்தை இழந்ததும் திரும்பி ஓடுகிறாரா என்பவை ஆட்டத்துக்கு ஆட்டம் திரும்பத் திரும்ப வருபவை. நான்கைந்து ஆட்டங்களிலேயே அவற்றில் ஓர் ஒழுங்கு தெரிந்துவிடும்.

எங்கள் காரேஜின் விதி இது: மூன்று ஆட்டங்கள் வரை குறிப்பு மட்டும், ஆறாவது ஆட்டம் முடிந்ததும் தற்காலிகத் தீர்ப்பு, பத்தாவது ஆட்டத்தில் மறுபரிசீலனை.

மூன்றாம் படி: பந்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்

முறையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. சலிப்புத் தருவதும் இதுதான். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு வீரர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரையும் 15 நிமிடம் தொடர்ந்து பாருங்கள். பந்து எங்கே போனாலும் உங்கள் கண் அவரைவிட்டு நகரக்கூடாது. அந்த 15 நிமிடத்தில் கோல் விழுந்து, சுற்றிலும் "லடூமா" என்ற முழக்கம் எழுந்து, நீங்கள் மட்டும் அதைப் பார்க்கத் தவறினாலும் பரவாயில்லை. கோலை இரவு செய்தியில் பத்து முறை காட்டுவார்கள். பந்து இல்லாதபோது அந்த வீரர் என்ன செய்தார் என்பதை எந்தத் தொலைக்காட்சியும் காட்டாது, ஏனெனில் கேமரா பந்தைப் பின்தொடர்ந்தே பழகியது.

அதனால் முடிந்தவரை மைதானத்துக்கே போய்ப் பாருங்கள். மோசஸ் மபீடா மைதானத்தில் சாதாரண லீக் ஆட்டத்துக்குப் பெரும்பாலான இருக்கைகள் காலியாகவே இருக்கும். அது கிளப்புக்கு வருத்தம் தருவது, நமக்கு வசதியானது. கோட்டுக்கு அருகில் உட்கார்ந்தால் வீரர்களின் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும், ஆனால் அணியின் வடிவம் தெரியாது. நடுக்கோட்டுக்கு நேராக, சற்று உயரமான இடத்தில் உட்காருங்கள். உம்லாசியில் உள்ள கிங் ஸ்வெலிதினி போன்ற சிறிய மைதானங்களில் அந்த உயரம் கிடைக்காது. அங்கே கோல் கம்பத்துக்குப் பின்பக்கம் நல்லது, பின்கள வரிசை சேர்ந்து நகர்கிறதா என்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

மூன்று தருணங்களைக் கவனியுங்கள். பந்து தம்மிடம் வருவதற்கு முந்தைய இரண்டு நொடிகளில் அவர் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கிறாரா? பந்தை இழந்த மறுநொடியில் கையை விரித்து நடுவரைப் பார்க்கிறாரா, இல்லை பந்தை நோக்கிப் பாய்கிறாரா? பந்து மைதானத்தின் மறுபக்கம் இருக்கும்போது, இடுப்பில் கைவைத்து நிற்கிறாரா, உள்ளே நகர்ந்து இடைவெளியை அடைக்கிறாரா?

சென்ற பருவத்தின் தொடக்கத்தில் ஓர் இடது பின்கள வீரரைப் பற்றி நான் எழுதிய குறிப்பை அப்படியே தருகிறேன்: "12ஆம் நிமிடம், பந்து வலக்கோடியில், இவர் உள்ளே ஏழெட்டு அடி வந்துவிட்டார். 14, அதே போல. 17, பந்து வருமுன் இருமுறை பின்னால் பார்த்தார், ஒரே தொடுதலில் கோல்கீப்பருக்கு. 19, விங்கர் தாண்டிப் போனார், ஆனால் கோட்டோரமாகத்தான் போகவிட்டார். 23, உள்ளே வந்தார். 26, வரவில்லை, மூச்சு வாங்குகிறார்." இதில் கைதட்டல் பெறக்கூடிய ஒரு செயலும் இல்லை. ஆனால் 15 நிமிடத்தில் மூன்று முறை ஒருவர் அதே சரியான இடத்துக்கு யாரும் கத்தாமலே வந்து நிற்கிறார் என்றால், அது பழக்கமாக ஊறிய வேலை. கடைசிக் குறிப்பு அவருடைய உடல் தகுதி இன்னும் முழுமை பெறவில்லை என்பதைச் சொல்கிறது. பருவத் தொடக்கத்தில் அதை மன்னிக்கலாம்.

ஷிபோபோவைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எதிராளியின் இரு கால்களுக்கு இடையே பந்தை உருட்டிவிட்டுத் தாண்டிப் போகும் அந்த வித்தைக்கு, இந்த நாட்டு ரசிகர் கோலுக்குத் தரும் அதே கைதட்டலைத் தருவார். நானும் எழுந்து நின்று கத்துபவன்தான். கால்பந்தை ஒரு கொண்டாட்டமாகப் பார்க்கும் மக்களிடையே வாழ்ந்துகொண்டு அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் குறிப்பேட்டில் எழுதும்போது, அந்த ஷிபோபோ எங்கே நடந்தது, அதற்கு அடுத்த பாஸ் யாருக்குப் போனது என்ற இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். நடுக்கோட்டில் நடந்து, பந்து பின்னால் திரும்பியிருந்தால், அதன் மதிப்பு கைதட்டலோடு முடிந்துவிடும்.

நான்காம் படி: எண்களை 90 நிமிடத்துக்கு மாற்றிப் பாருங்கள்

கண்ணால் பார்த்ததற்குப் பிறகுதான் எண்கள். ஃபோட்மாப், சோஃபாஸ்கோர் போன்ற செயலிகளில் நம் லீக் வீரர்களின் ஆட்ட நிமிடங்களும் கோல் முயற்சிகளும் கிடைக்கும். எந்த எண்ணையும் ஆட்ட நிமிடத்தால் வகுத்து 90ஆல் பெருக்குங்கள். பாதி ஆட்டம் மட்டும் ஆடியவரையும் முழு ஆட்டம் ஆடியவரையும் ஒரே தராசில் வைக்க இதைவிட எளிய வழி இல்லை.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. அணியில் இரண்டு முன்கள வீரர்கள். முதலாமவர் 410 நிமிடம் ஆடி 4 கோல் அடித்திருக்கிறார். அவற்றில் 2 பெனால்டி. பெனால்டி தவிர்த்து அவர் செய்த கோல் முயற்சிகள் 7. இரண்டாமவர் 300 நிமிடம் ஆடி ஒரே ஒரு கோல்தான் அடித்திருக்கிறார். ஆனால் கோல் முயற்சிகள் 19, அவற்றில் பெரும்பாலானவை பெனால்டி எல்லைக்கு உள்ளிருந்து. பேச்சில் முதலாமவர் நாயகன், இரண்டாமவர் வீண். 90 நிமிடத்துக்கு மாற்றினால் முதலாமவரின் முயற்சிகள் 1.5, இரண்டாமவரின் முயற்சிகள் 5.7. பொதுவாகக் கால்பந்தில் ஏறக்குறைய பத்து முயற்சிக்கு ஒன்றுதான் கோலாகிறது. அந்த அளவில் பார்த்தால், முதலாமவர் 7 முயற்சியில் 2 கோல் அடித்தது நீடிக்க முடியாத அதிர்ஷ்டம். இரண்டாமவருக்கு ஒரு கோல் குறைவாகவே கிடைத்திருக்கிறது. பருவம் முழுவதும் யாரை நம்பலாம் என்று கேட்டால், நான் இரண்டாமவரைத்தான் சொல்வேன். ஒரு நிபந்தனை உண்டு: அந்த 19 முயற்சிகளில் எத்தனை, பக்கத்தில் வசதியாக நின்ற சக வீரருக்குக் கொடுக்காமல் தாமே அடித்தவை என்பதை உங்கள் குறிப்பேட்டில் சரிபார்க்க வேண்டும்.

எக்ஸ்ஜி எனப்படும் 'எதிர்பார்ப்பு கோல்' இதே எண்ணத்தின் நுட்பமான வடிவம். ஒவ்வொரு முயற்சியும் எந்தத் தூரத்திலிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா என்று பார்த்து, அது கோலாகும் வாய்ப்பை 0 முதல் 1 வரையிலான ஒரு மதிப்பாகத் தருகிறார்கள். பெனால்டியின் மதிப்பு ஏறக்குறைய 0.78. இதனால்தான் பெனால்டி கோலை எப்போதும் தனியாகக் கழித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்பது பயிற்சியாளரின் முடிவு, அந்தப் பெனால்டியைப் பெற்றுத் தந்தவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார்.

ஐந்தாம் படி: யாரை எதிர்த்து, எந்த உயரத்தில் ஆடினார்?

முதல் ஆறு ஆட்டங்களின் அட்டவணை எந்த அணிக்கும் சமமாக அமைவதில்லை. 2017-18 முதல் 2024-25 வரை தொடர்ந்து 8 முறை பட்டம் வென்ற மாமெலோடி சன்டவுன்ஸை எதிர்த்து, பந்தே கிடைக்காமல் 90 நிமிடம் ஓடிய ஒரு நடுக்கள வீரரை, புதிதாக லீகுக்கு ஏறிவந்த அணியை எதிர்த்து ஆடியவரோடு ஒப்பிடுவது நியாயமில்லை. ஒவ்வொரு ஆட்டக் குறிப்புக்கும் மேலே எதிரணி வலிமையானதா, நடுத்தரமா, பலவீனமா என்று ஒரு சொல் எழுதிவிடுங்கள்.

டர்பன் ரசிகர்கள் மறந்துவிடும் இன்னொன்று உயரம். நாம் கடல் மட்டத்தில் வாழ்பவர்கள். ஜோஹன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிட்டோரியா 1,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்று மெலிந்திருப்பதால் நம் வீரர்களுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும், அடித்த பந்தும் கூடுதல் வேகத்தோடு கூடுதல் தூரம் போகும். ஜோஹன்னஸ்பர்க்கின் சொவெட்டோவில் 75ஆம் நிமிடத்தில் ஒரு வீரர் திரும்பி ஓடவில்லை என்பதற்காக அவருக்கு உழைப்பில்லை என்று எழுதிவிடாதீர்கள். அங்கே நம் கோல்கீப்பர் ஒரு நெடுந்தூர உதையைத் தவறவிட்டாலும், உடனே அவரைத் தூற்றாமல், டர்பனில் அதே உதையை எப்படிக் கையாளுகிறார் என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். மலைமேல் ஆடிய ஆட்டங்களை நான் சிவப்பு மையில் எழுதுகிறேன். புரட்டும்போதே கண்ணில் படும்.

ஆறாம் படி: இடத்துக்கேற்ற கேள்வி

கோல்கீப்பரிடம் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை தடுத்தார் என்பது மட்டும் அல்ல. பின்களம் பலவீனமான அணியின் கோல்கீப்பருக்குத் தடுக்கும் வாய்ப்பு தானாகவே அதிகம் வரும். ரோன்வென் வில்லியம்ஸை உலகம் அறிந்தது 2024 பிப்ரவரியில், ஆப்பிரிக்கக் கோப்பைக் காலிறுதியில் கேப் வெர்டே அணிக்கு எதிரான பெனால்டி உதைகளில் நான்கைத் தடுத்தபோது. ஆனால் சன்டவுன்ஸ் அணிக்கு அவர் வாரந்தோறும் தரும் பயன் வேறு: எதிராளி நெருக்கி வரும்போதும் பதறாமல், காலால் பாஸ் கொடுத்துத் தாக்குதலைத் தொடங்கிவைப்பது. அந்த ஓர் இரவைப் போன்ற இரவு எந்தப் பருவத்திலும் வராமல் போகலாம். பாஸ் ஒவ்வொரு ஆட்டத்திலும் வரும்.

பின்கள நடுவீரர் எத்தனை முறை சறுக்கி விழுந்து பந்தைத் தட்டினார் என்று எண்ணிப் பாராட்டுபவர்கள் உண்டு. தரையில் விழவேண்டிய நிலைக்கு அவர் ஏன் வந்தார் என்று கேளுங்கள். முன்கூட்டியே சரியான இடத்தில் நிற்பவரின் உடை பெரும்பாலும் அழுக்காகாது.

பின்களத்துக்கு முன்னால் நின்று காக்கும் நடுக்கள வீரர்தான் தொடக்கத்தில் அதிகம் தவறாக மதிப்பிடப்படுபவர். அவர் நன்றாக ஆடினால் ஒன்றும் நடக்காது. எதிரணி அந்த வழியையே விட்டுவிட்டு ஓரமாகச் சுற்றிப் போகும். ஆகவே அவரை அளக்க, எதிரணியின் பாஸ்களைப் பாருங்கள். மைதானத்தின் நடுப்பகுதி வழியாக முதல் பாதியில் எத்தனை முறை முன்னேறினார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். அவர் காயத்தால் ஆடாத ஒரு வாரம் வந்தால், அன்றும் அதே கோடுகளைப் போடுங்கள். வித்தியாசம் கண்ணெதிரே நிற்கும்.

முன்கள வீரரைப் பற்றி மேலே போதுமான அளவு பேசிவிட்டோம். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 2021-22 பருவத்தில் லீகில் 23 கோல் அடித்த பீட்டர் ஷலுலிலேயை எண்ணிக்கைக்காகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். பந்து எதிராளியிடம் இருக்கும்போது அவர் பின்கள வீரர்களை விடாமல் துரத்திய துரத்தலையும் பார்த்தவர்களுக்கு, அந்தக் கோல்களில் சில எங்கிருந்து வந்தன என்பது புரியும்.

ஏழாம் படி: புதியவருக்கும் இளையவருக்கும் தனிக் கணக்கு

வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு ஊர், மொழி, சாப்பாடு எல்லாமே புதிது. ஓர் அணி ஐந்து வெளிநாட்டு வீரர்களை மட்டுமே பதிவு செய்யலாம் என்பதால் அவர்மீது எதிர்பார்ப்பும் அதிகம். அவருக்குப் பத்து ஆட்டங்கள் கொடுங்கள். உள்ளூர் இளைஞரை, முடிந்தால் டிஸ்கி சேலஞ்ச் எனப்படும் இளையோர் தொடரிலேயே பார்த்துவிடுங்கள். கடைசி 10 நிமிடத்துக்கு மட்டும் முதன்மை அணியில் இறக்கப்படும் ஒருவரை, களைத்துப்போன பின்கள வீரர்களை எதிர்த்து அவர் ஆடுவதை மட்டும் வைத்து அளந்தால் ஏமாந்துபோவோம்.

எட்டாம் படி: பேசுவதற்கு முன் சீட்டு எழுதுங்கள்

எங்கள் காரேஜில் ஆட்டம் முடிந்ததும் யாரும் வாய் திறக்கக்கூடாது. ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் மூன்று பெயர்களையும், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிமிட எண்ணையும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பன்னி சோ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) பொட்டலத்தைப் பிரிப்பது அதற்குப் பிறகுதான். முதலில் பேசுபவரின் கருத்து மற்றவர்களைத் தொற்றிக்கொள்ளும் என்பதை அனுபவத்தில் கண்டதால் இந்த ஏற்பாடு. தொலைக்காட்சியில் பார்த்தவர் தாளின் மூலையில் 'டி' என்று எழுதுவார். மைதானத்தில் பார்த்தவர் 'மை' என்று எழுதுவார். பந்து இல்லாத நேரத்து ஆட்டத்தைப் பற்றிய சண்டையில் 'மை'க்குத்தான் முதல் உரிமை.

இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் எங்கள் மாமா. அவர் மானிங் ரேஞ்சர்ஸ் ஆள். நிறவெறிக் காலத்தில் இந்தியர்களின் கால்பந்து தனி லீகுகளிலும் கர்ரீஸ் ஃபவுண்டன் போன்ற மைதானங்களிலும் ஒதுங்கி வளர்ந்த கதையை அறிந்தவர்களுக்கு, 1928இல் தொடங்கிய அந்த டர்பன் கிளப், கார்டன் இகசுண்டின் பயிற்சியில் 1996-97இல் புதிய பிரீமியர் லீகின் முதல் பட்டத்தையே வென்றது எத்தகைய செய்தி என்பது விளங்கும். சீஃப்ஸும் பைரேட்ஸும் சன்டவுன்ஸும் இருந்த லீகில், அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் யாரும் ரேஞ்சர்ஸ் வீரர்களை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். மாமா இன்றும் சீட்டுகளைப் பிரிக்கும்போது சொல்வார்: "தம்பி, கோல் போட்டவன் பேர எல்லாரும் எழுதுவாங்க. அதுக்கு முன்னாடி பாஸ் கொடுத்தவன் யாரு, அவனுக்கு வழிவிட்டு விலகி ஓடினவன் யாரு, அத எழுதியிருக்கியா?" பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டோம்.

உங்களுக்குப் பிடித்த வீரர் யார் என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். பிறகு அவரைப் பற்றி நீங்கள் எழுதும் சீட்டை மற்றவர்கள் சற்றுத் தள்ளுபடியோடு படித்துக்கொள்வார்கள். ஆங்கிலேய லீகில் லிவர்பூலுக்கோ மான்செஸ்டர் யுனைட்டெடுக்கோ உயிரை விடுபவர்கள் எங்களிடையே பாதிப்பேர். ஆகஸ்டில் மாலை 4 மணிக்கும் குளிர்காலம் அங்கே வந்ததும் 5 மணிக்கும் தொடங்கும் அந்த ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, அதே வேகத்தை நம் வீரர்களிடம் தேடுவது இன்னொரு சாய்வு. ஆட்டக் குறிப்பை எழுதும் நாளில் நான் அவற்றைப் பார்ப்பதில்லை.

ஒன்பதாம் படி: பத்தாவது ஆட்டத்தில் மறுபடி திறந்து பாருங்கள்

ஆறாவது ஆட்டத்துக்குப் பின் எழுதிய தீர்ப்பை மூடி வைத்துவிட்டு, பத்தாவது ஆட்டம் முடிந்ததும் திறங்கள். அதற்குள் எதிரணிகள் நம் வீரர்களைப் படித்து முடித்திருப்பார்கள். தேசிய அணிக்கான இடைவெளிகளும் வந்துபோயிருக்கும், பயிற்சியாளர்கூட மாறியிருக்கலாம். 2020-21 பருவத்தை அமாசூலு ஒரு பயிற்சியாளருடன் தொடங்கியது. டிசம்பரில் பென்னி மெக்கார்த்தி பொறுப்பேற்றார். பருவ முடிவில் அந்த அணி இரண்டாம் இடம் பிடித்து, முதன்முறையாக ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெற்றது. நவம்பரில் அந்த வீரர்களைப் பற்றி எழுதப்பட்ட குறிப்புகள் மே மாதத்தில் எப்படிப் படிக்கக் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதற்கு முந்தைய 2019-20இல், பருவத்தின் தொடக்கத்திலிருந்து முதலிடத்தில் நின்ற கைசர் சீஃப்ஸ், கொரோனாவால் நீண்டுபோன அந்தப் பருவத்தின் கடைசி நாளில் பரோக்கா அணியோடு 1-1 என்று சமன் செய்து பட்டத்தைச் சன்டவுன்ஸிடம் விட்டது.

மறுபரிசீலனையின்போது ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றாவது வரியை முதலில் படியுங்கள்: எதைக் கண்டால் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று எழுதினேனோ, அது நடந்ததா? நடந்திருந்தால் மாற்றி எழுதித் தேதியிடுங்கள். பழைய வரியை அடித்துவிடாமல், அதன் கீழே எழுதுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன அந்த விங்கரின் பக்கத்தை டிசம்பரில் திறந்தபோது, அடிக்கோடிட்ட தீர்ப்புக்கு மேலே, என் கையெழுத்திலேயே இரண்டு வரிகள் இருந்தன. "வலக்கோட்டிலிருந்து எப்போதும் இடக்காலுக்கே வெட்டி உள்ளே வருகிறார்" என்பது முதல் வரி. "மூன்று கோலில் இரண்டு, பின்கள வீரரின் காலில் பட்டுத் திசைமாறியவை" என்பது இரண்டாவது. அக்டோபருக்குள் எதிரணிப் பின்கள வீரர்கள் அவருக்கு உள்பக்கத்தை அடைத்து, வெளிக்கோட்டை மட்டும் திறந்துவிடக் கற்றுக்கொண்டார்கள். பந்துகள் பட்டுத் திரும்புவதும் நின்றுபோனது. இரண்டையும் நான் பார்த்து எழுதியிருக்கிறேன், எழுதியதைப் படிக்கத்தான் இல்லை. அந்தப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், இடது பக்கம் ஆடிய ஒரு நடுக்கள வீரருக்கு "சுமார்" என்று ஒரே சொல் எழுதியிருந்தேன். மே மாதத்தில் எங்கள் பெட்டியிலிருந்து எடுத்த சீட்டுகளில் ஐந்தில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது; மாமா அதை உரக்கப் படித்துவிட்டு, என் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.